மூன்றாவது தோட்டா

ஜனவரி 2, செவ்வாய்

புத்தாண்டுத் தீர்மானம்: நாட்குறிப்பு எழுதுவது. போன வருடமும் இதே தீர்மானம்தான். அந்த நோட்டில் ஜனவரி மூன்றாம் தேதிவரை நான் ஒரு மகா எழுத்தாளன். இந்த வருடம் எழுத விஷயம் இருப்பதால் நான்காம் தேதியைத் தாண்டிவிடுவேன்.

விஷயம் இதுதான். என் மனைவி பொற்கொடி, வீட்டில் கொடி, துப்பாக்கி சுடுவாள். கோபத்தில் அல்ல, போட்டியில். சாத்தூர் பக்கம் இருக்கன்குடித் திருவிழாவில் பலூன் சுடும் கடைக்காரர்கள் சின்ன வயதில் அவளைக் கண்டால் துப்பாக்கியை ஒளித்து வைப்பார்களாம். கல்யாணத்தின்போது யாரும் என்னிடம் இதைச் சொல்லவில்லை. கனடாவில் இந்த ரெட் டியர் ஊருக்கு வந்து, பனியைத் தள்ளுவதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை என்றானதும், இருவரும் கிளப்பில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினோம். தேர்வில் அவளுக்கு என்னைவிட மதிப்பெண் அதிகம். அது தற்செயல்.

மார்ச்சில் மாகாணப் போட்டி. பயிற்சிக்குத் தோட்டா வேண்டும். கடையில் கேட்டால், ‘வசந்தத்தில் வரலாம்’ என்கிறான், ஏதோ குயிலைப் பற்றிப் பேசுவதுபோல. ஆகவே வீட்டிலேயே தோட்டா கட்டுவது என்று முடிவாயிற்று. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அடியில் தீப்பொறி தரும் புது கேப் வைத்து, மருந்து நிரப்பி, வாயில் குண்டைச் செருகினால் தோட்டா. இங்கே அது சட்டப்படி சரி. பாதிப்பேர் செய்கிறார்கள்.

சிவகாசிக்காரன் என்றதும் கிளப்பில் எல்லாரும், உனக்கென்ன, வெடிமருந்து ரத்தத்திலேயே இருக்கும் என்கிறார்கள். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக அச்சடித்தது தினசரிக் காலண்டர். ராகு காலம் கேட்டால் சொல்வேன். ஆனால் நான் அவர்களைத் திருத்தவில்லை. சும்மா வருகிற மரியாதையைக் கெடுப்பானேன்.

ஜனவரி 4, வியாழன்

ஒன்டாரியோவுக்குக் குடிபோகிற ஒருவரிடம் தோட்டா கட்டும் பிரஸ்ஸும் தராசும் வாங்கினேன். கூடவே ரைஃபிள் மருந்து ஒரு டின், பாதி காலி. அது நிதானமாக எரிவது. கைத்துப்பாக்கிக்கான மருந்து இன்னொரு டின், அதுவும் பாதி. அது சட்டென்று எரிவது. எனக்கு அது தேவையில்லை, ஆனால் இலவசமாகக் கொடுத்தார். இலவசத்தை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது. இரண்டையும் திறந்து பார்த்தேன். ஒரே மாதிரி, கருக வறுத்த கசகசா.

டின்னை மாற்றாதே, டின்னை மாற்றாதே என்று வாசல்வரை வந்து சொன்னார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர்கூட இத்தனை தடவை சொல்லமாட்டார்.

ஜனவரி 6, சனி

ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து? கேள்வி அவ்வளவுதான். கூடினால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும். நிரம்பக் குறைந்தாலும் ஆபத்தாம். அந்த அளவுக்கு இங்கே லோடு டேட்டா என்று பெயர். மூன்று புத்தகம் வாங்கினேன். அதே குண்டு, அதே மருந்து, மூன்று புத்தகத்திலும் மூன்று கணக்கு. மூன்று ஜோசியரிடம் ஒரே ஜாதகத்தைக் கொடுத்ததுபோல் இருக்கிறது. ஆனால் ஜோசியர்களாவது கடைசியில் பரிகாரம் சொல்வார்கள்.

ஒவ்வொரு புத்தகத்திலும் அட்டவணைக்கு முன்னால் நூறு பக்கம் முன்னுரை. எதற்கு? பத்தாம் வகுப்பு முதல் இன்ஜினியரிங் வரை முன்னுரையிலிருந்து ஒரு கேள்விகூட வந்ததில்லை. பாடப் புத்தகத்தையே திறக்காமல் கைடு வைத்து, முக்கிய வினாக்களை மட்டும் படித்து முதல் வகுப்பில் தேறியவன் நான். நேராக அட்டவணைக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 9, செவ்வாய்

இன்டர்நெட்டில் தேடினேன். அங்கே அறிவு பொங்கி வழிகிறது. கழுகுப் படம் வைத்த ஒருவர், புத்தகம் எழுதுகிறவர்கள் வக்கீலுக்குப் பயந்து குறைத்துப் போடுகிறார்கள், நான் முப்பது வருடமாக அதற்கு மேல்தான் போடுகிறேன், பத்து விரலும் இருக்கிறது என்கிறார். அவர் டைப் செய்திருக்கும் லட்சணத்தைப் பார்த்தால் பத்தும் இருப்பதாகத் தெரியவில்லை.

பிறகு எங்கள் வாட்ஸப் குழுவில் கேட்டேன். ‘மேற்குக் கனடா தமிழ் வேட்டை நண்பர்கள்’. இதுவரை இவர்கள் வேட்டையாடியது பிரியாணி மட்டும். எட்மன்டனிலிருந்து தூத்துக்குடி தேவசகாயம் உடனே போன் செய்தார்.

“இதுக்குப் போயி இவ்ளோ யோசிக்கீய அண்ணாச்சி. நான் ஒரு கணக்கு அனுப்புதேன், அத அப்டியே போடுங்க. நம்பிக்கையான ஆளு குடுத்தது.”

நம்பிக்கையான ஆள் யார் என்றேன். வின்னிபெக்கில் இருக்கும் அவருடைய மச்சினன். மச்சினனுக்கு யார் கொடுத்தது? யாரோ நம்பிக்கையான ஆள். மூன்று புத்தகங்களின் உச்ச வரம்பையும் தாண்டி நின்றது அந்தக் கணக்கு. நம்பிக்கைக்கு மட்டும் இந்த நாட்டில் தட்டுப்பாடே இல்லை.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. பழையதைக் கொளுத்தலாம் என்றால் நகராட்சி அபராதம் போடும். எனவே கொடி கராஜைக் கழுவித் துடைத்து, பழையதை மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் போட்டுப் போகி கொண்டாடினாள்.

நான் மும்முரமாக இருந்தேன். புத்தகங்கள் மூன்றையும் ஒப்பிட்டு ஒரு எக்ஸெல் தாள் தயாரித்து, அரை கிரெய்ன் வித்தியாசத்துக்காக தேவசகாயத்தோடு போனில் சண்டை. கடுகளவு எடை அது. அதற்கு ஒன்றரை மணி நேரம். நடுவில் கொடி இரண்டு கையிலும் எதையோ பிடித்துக்கொண்டு வந்து என்னவோ கேட்டாள். உம் என்றேன். போய்விட்டாள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் கராஜ் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. அவளுக்குப் பாதியாக எது இருந்தாலும் ஆகாது. சாம்பார்ப் பொடி இரண்டு டப்பாவில் இருந்தால் இரவு தூக்கம் வராது, ஒன்றில் கொட்டி, நன்றாகக் குலுக்கி, காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வரும். இரண்டு பாதி ஆணி டப்பா ஒன்றாகிவிட்டது. இரண்டு பாதி பெயின்ட் ஒன்றாகிவிட்டது. அலமாரியில் பாதி இடம் காலி. கெட்டிக்காரி.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். லீவு கிடையாது. நான் வேலை பார்ப்பது உறையவைத்த பலகாரம் செய்யும் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டில். இன்று ஒரு லாரி மாவைத் திருப்பி அனுப்பினேன். மூட்டையில் ஒட்டியிருந்த லேபிள் ஒன்று, உள்ளே இருந்த மாவு வேறொன்று. டிரைவர், இரண்டும் மாவுதானே என்றார். இப்படிப்பட்ட ஆட்களோடுதான் காலம் தள்ள வேண்டியிருக்கிறது.

ஜனவரி 21, ஞாயிறு

வெற்றி. மருந்து தயாரிக்கும் கம்பெனிக்கே எழுதிக் கேட்டேன். பதில் வந்துவிட்டது. என் ரைஃபிள், என் குண்டு, தொடக்க அளவு இது, உச்ச அளவு இது, தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கவும். ஊற்றுக்கே போய்த் தண்ணீர் குடித்துவிட்டேன். கழுகுக்காரரும் வின்னிபெக் மச்சினனும் இனி வாயை மூடலாம். கணக்கைப் பிரின்ட் எடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்துவிட்டேன்.

கடிதத்தின் முதல் வரியில் மட்டும் ஒரு அசட்டுக் கேள்வி: மருந்து அதன் சொந்த டின்னில், வேறெதுவும் கலக்காமல் இருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ளவும். சொந்த டின்னில் இல்லாமல் பின்னே எங்கே, பானையிலா?

ஜனவரி 27, சனி

முதல் இருபது தோட்டா கட்டியாயிற்று. தொடக்க அளவு, ஒரு துளிகூட மேலே இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை நிறுத்தேன். தங்கம் நிறுக்கும் ஆசாரிகூட நடுவில் ஒரு டீ குடிப்பார்.

கொடி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “ரசத்துக்கு உப்புப் போட்டுட்டு ஒரு நாளாச்சும் இப்படிப் பாத்திருக்கீகளா?” என்றாள். ரசம் முகத்தில் வெடிக்காது என்றேன். சிரித்தாள். வலது கண்ணுக்குக் கீழே அவளுக்கு ஒரு மச்சம் உண்டு, சிரித்தால் மேலே ஏறும். துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைக்கும்போது சரியாக அந்த மச்சம்தான் படும்.

மருந்து நான் நினைத்ததைவிட நிறையவே இருக்கிறது. பாதி டின் என்று வாங்கிய ஞாபகம், ஏறக்குறைய கழுத்துவரை நிற்கிறது. இந்த நாட்டில் ஆயிரம் குறை இருந்தாலும் அளவில் மட்டும் ஏமாற்றமாட்டார்கள்.

பிப்ரவரி 3, சனி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது.

கிளப்புக்குப் போனோம். நான் தோட்டாப் பெட்டியையும் பிளாஸ்டிக் உறையையும் எடுத்துக்கொண்டு தொழில்நுட்பத் துறையாகப் பின்னால் நின்றேன். கொடி முதல் தோட்டாவைச் சுட்டாள். நடுவட்டத்தைத் தொட்டது. நான் கை தட்டினேன். அவள் தோளைத் தடவிக்கொண்டு, இது கொஞ்சம் அதிகமாக உதைக்கிறது என்றாள். கூட்டை வெளியே எடுக்க, துப்பாக்கியின் பின்பக்கம் தாழ்ப்பாள்போல் இருக்கும் போல்ட்டை இழுத்தபோது அது கொஞ்சம் முரண்டு பிடித்தது. குளிர்தான் காரணம் என்றேன்.

இரண்டாவது. சத்தம் வேறு மாதிரி இருந்தது. போல்ட் திறக்கவே இல்லை. உள்ளங்கையால் தட்டித் தட்டித்தான் திறந்தாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அளவு கம்பெனிக்காரனே கொடுத்தது, தொடக்க அளவு, குளிரில் இரும்பு இறுகும் என்று விளக்கினேன். முன்னால் திரும்பி மூன்றாவதைப் போட்டு, கன்னத்தைக் கட்டையில் வைத்தாள்.

அப்போதுதான் சுடுகளத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்லீன் நாலு எட்டில் வந்து, விசையிலிருந்து விரலை எடு என்று அதட்டினாள். கொடி எடுத்தாள். மார்லீன் துப்பாக்கியைக் காலி செய்து, கீழே கிடந்த இரண்டு கூடுகளையும் பொறுக்கி அடியைப் பார்த்தாள். விளிம்பு உருண்டிருக்க வேண்டிய கேப் இரண்டிலும் இஸ்திரி போட்டதுபோல் தட்டையாகி இருந்தது. நான் பிளாஸ்டிக் உறையை நீட்டினேன். கம்பெனி கடிதம், மூன்று புத்தகத்தின் பக்கங்கள், எக்ஸெல். அவள் அதை வாங்கவே இல்லை.

“காகிதம் வேண்டாம். டின்னைக் காட்டு,” என்றாள்.

டின் வீட்டில் இருக்கிறது என்றேன். அப்படியானால் நீயும் வீட்டுக்குப் போ என்றாள். இருபது பேர் முன்னால். இருபத்தைந்து வருடத் தரக்கட்டுப்பாட்டு அனுபவம் உள்ளவனை. படித்தவனுக்கு இந்த ஊரில் மதிப்பில்லை.

வரும் வழியெல்லாம் மார்லீனைத் திட்டிக்கொண்டே வந்தேன். கொடி வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மார்லீன் டின்னைக் காட்டச் சொன்னாள் அல்லவா. காட்டி மூக்கை உடைக்கலாம் என்று, நாலு கோணத்தில் படம் எடுக்க டின்னைக் கீழே இறக்கினேன். கனத்தது. இருபது தோட்டா கட்டிய பிறகும் கழுத்துக்குச் சற்றுக் கீழேதான் மருந்து. அட்சய பாத்திரம்கூட சூரிய பகவான் கொடுத்தால்தான் உண்டு, ஒன்டாரியோ போகிறவரெல்லாம் கொடுக்கமாட்டார்.

பக்கத்தில் இருந்த இன்னொரு டின்னைத் தேடினேன். இல்லை. அலமாரியில் அந்த இடம் சுத்தமாக, காலியாக இருந்தது.

கொடியைக் கூப்பிட்டேன்.

“ரெண்டும் பாதி பாதியா கெடந்துச்சு, ஒண்ணு போலத்தான இருந்துச்சு,” என்றாள். “சேத்துக் கொட்டிரவான்னு ரெண்டையும் கொண்டாந்து காட்டிக் கேட்டேன்ல. நீங்க உம்-னீங்க.”

நன்றாகக் குலுக்கினாயா என்று கேட்டேன்.

“நல்லாத்தான் குலுக்குனேன்.”

பிப்ரவரி 5, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

பிப்ரவரி 10, சனி

மார்லீனிடம் போய்ச் சொன்னேன். தொழிற்சாலையில் நான் டிரைவர்களைப் பார்க்கும் பார்வையை அவள் என்னைப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். பார்க்கவில்லை. சட்டென்று எரிவதும் நிதானமாக எரிவதும் கலந்துவிட்டால் அந்தக் கலவைக்கு உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் கணக்குக் கிடையாது என்றாள். கரண்டிக்குக் கரண்டி மாறும். ஒன்று உதைக்கும், ஒன்று போல்ட்டைப் பிடிக்கும், அடுத்தது போல்ட்டையே கழற்றிப் பின்னால் எறியும். பின்னால் என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. கன்னத்தில் மச்சம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மிச்சம் இருந்த பதினெட்டுத் தோட்டாவையும் அவள் கண் முன்னால் பிரித்தோம். மூன்றாவது எது என்று எனக்கு அடையாளம் தெரிந்தது, மார்லீன் துப்பாக்கியிலிருந்து எடுத்தபோது கூட்டில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன், மார்லீன் வாங்கி அவளே பிரித்தாள். டின்னையும் அவளே வாங்கிக்கொண்டாள், அழிக்கிற விதத்தில் அழிப்பாளாம். தன் சொந்த அலமாரியிலிருந்து கடைத் தோட்டா இரண்டு பெட்டி விலைக்குக் கொடுத்தாள், கொடிக்கு மட்டும் என்று சொல்லி.

வீட்டுக்கு வந்து மூன்று புத்தகத்தின் முன்னுரையையும் படித்தேன். மூன்று அட்டவணைகளிலும் கணக்கு வேறு வேறு. முன்னுரையில் மட்டும் மூவரும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒன்றையே சொல்கிறார்கள், முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், கட்டம் கட்டி. இரண்டு மருந்தை ஒருபோதும் ஒன்றாகக் கொட்டாதே.

தேவசகாயம் போன் செய்து, கடைசியில் என்ன கணக்குப் போட்டீர்கள், குழுவில் நாலு பேர் கேட்கிறார்கள் என்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன். உம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். முடித்ததும், “அது சரி அண்ணாச்சி, கணக்கு எவ்ளோ?” என்றார்.

மார்ச் 23, சனி

மாகாணப் போட்டி. பொற்கொடி நான்காவது. கடைசிச் சுற்றில் காற்று திரும்பியதை ஒரு நொடி தாமதமாகக் கவனித்தாளாம், இல்லையென்றால் மூன்றாவது வந்திருப்பாள். தாமதமாகக் கவனிப்பதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதால் சும்மா இருந்தேன். மார்லீன் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். முன்னேற்றம்தான்.

திரும்பி வரும்போது கொடி காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, தானாகப் பேச்சை எடுத்தாள். அன்றைக்குப் பிறகு இருவருமே அதைப் பேசியதில்லை.

“அன்னைக்கு ரெண்டாவதுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, என்னமோ சரியில்லன்னு,” என்றாள்.

பின்னே ஏன் மூன்றாவதைப் போட்டாய் என்று கேட்டேன்.

“நீங்க குளிர்னு சொன்னீகள்ல.”

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, குடை எடுத்தேன் என்பதுபோல் சொன்னாள். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கண்ணாடியில் பனி படிந்திருக்கிறது, துடைக்க வேண்டும் என்றேன். பனி ஒன்றும் இல்லை.

மூன்று புத்தகம், ஒரு கழுகு, ஒரு மச்சினன், ஒரு கம்பெனி. நம்பகமான வார்த்தை எங்கே கிடைக்கும் என்று அத்தனை பேரிடமும் அலைந்தேன், ஒருத்தரையும் முழுதாக நம்பவில்லை. அவள் எங்கேயும் தேடவில்லை. நான் சொன்னேன், அது போதும் என்று கன்னத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கொடி அடுக்களையிலிருந்து என்னவோ கேட்கிறாள். கோதுமை மாவும் மைதாவும் பாதி பாதியாக இருக்கிறதோ என்னவோ. சரியாகக் காதில் விழவில்லை. உம் என்று வாய்வரை வந்துவிட்டது.

எழுந்து போய்ப் பார்க்கிறேன்.